பாரியோஸ் ஏன் ஸ்டீல் கம்பி மாட்டினார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் கிளாசிகல் கிட்டாரைப் பற்றி முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். பேப்பர் வந்ததும் வாசல் படியிலேயே உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். ஐம்பது வருஷமாகத் தமிழ்ப் பத்திரிகை படிக்கிறேன். இந்த வாத்தியத்துக்கு ஒரு முழுப் பக்கம் கிடைத்து நான் பார்த்ததில்லை. அதற்கு முதலில் என் நன்றி.

ஆனால் அந்தப் பக்கத்தின் கீழ் மூலையில் பராகுவே நாட்டு அகுஸ்தின் பாரியோஸுக்கு மூன்றே வரிதான் கிடைத்தது. தலையில் இறகு சூடி, கையில் கிட்டாரோடு இருக்கும் படம் ஒன்று. 'விநோத வேடத்தில் மேடையேறியவர்' என்று ஒரு வரி. 'முறையான பயிற்சி இல்லாததால் நைலான் ஸ்ட்ரிங்குக்குப் பதில் ஸ்டீல் கம்பியில் வாசித்தவர்' என்று இன்னொரு வரி. மூன்றாவது வரியில் அவர் பிறந்த, இறந்த வருஷம். வருஷங்கள் சரி. மற்ற இரண்டைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீண்டுவிட்டது, சுருக்க மனம் வரவில்லை. மன்னிக்க வேண்டும்.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் 34 வருஷம் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். பத்தொன்பது வயசிலிருந்து கிட்டார் வாசிக்கிறேன். எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் கடைசி வீட்டில் இருந்த ஆங்கிலோ இந்திய அங்கிள்தான் எனக்கு வாத்தியார். அவர் என்ஜின் டிரைவர். லைனுக்குப் போய்விட்டு மூன்றாம் நாள் திரும்பி வருவார், குளித்துவிட்டு கிட்டாரை எடுப்பார். பிக் என்கிற மீட்டும் வில்லை இல்லாமல் விரல் நகத்தால் வாசிப்பதை நான் முதலில் பார்த்தது அவரிடம்தான்.

எங்களுக்கு அன்றைக்கு இருந்த பெரிய கஷ்டம் ஸ்ட்ரிங். நைலான் ஸ்ட்ரிங் திருச்சியில் கிடைக்காது. மெட்ராஸுக்குப் போகும் யாரிடமாவது காசு கொடுத்துவிட வேண்டும். கடையில் இருந்தால் வரும், இல்லையென்றால் அடுத்த மாசம். முதல் ஸ்ட்ரிங் அறுந்துவிட்டால் அங்கிள் சும்மா இருக்க மாட்டார். கிடைக்கிற ஸ்டீல் கம்பியை மாட்டிவிடுவார். அது காதைக் கிழிக்கும். அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். சைக்கிள் வால்வு டியூபைத் துண்டு துண்டாக நறுக்கி, கம்பியின் அடி முனையைக் கட்டுகிற பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கம்பியில் கோத்துவிடுவார். சத்தத்தின் முனை மழுங்கி, கொஞ்சம் உருண்டையாக வரும். அந்த ரப்பர் துண்டை மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்தி நகர்த்தி நாதத்தைத் தேடுவது எனக்கு வழக்கமான வேலை. ஒர்க்ஷாப்பில் ஷிம் வைத்து பேரிங்கை உட்கார வைக்கிற அதே பொறுமை அதற்கும் வேண்டும்.

இருபது வருஷம் கழித்து, பாரியோஸைப் பற்றிய ஒரு புத்தகத்தில், அவரும் தன் ஸ்டீல் கம்பிகளில் பிரிட்ஜ் பக்கம் சின்ன ரப்பர் துண்டுகளை மாட்டியிருந்தார் என்று படித்தேன். அன்றைக்கு அங்கிள் உயிரோடு இல்லை. இருந்திருந்தால் அந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுத்திருப்பேன்.

இப்போது கட்டுரையின் பிழைக்கு வருகிறேன். பாரியோஸ் இறந்தது 1944 ஆகஸ்ட் 7. கிட்டாருக்கு நைலான் ஸ்ட்ரிங் கடைக்கு வந்ததே 1940களின் பிற்பகுதியில், நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்கிற கைவினைஞர் செய்ய ஆரம்பித்த பிறகுதான். ஆக, பாரியோஸ் நைலானை ஒதுக்கிவிட்டு ஸ்டீலுக்குப் போகவில்லை. அவர் முன்னால் இருந்தது இரண்டே வழி. ஒன்று ஆட்டுக் குடலில் முறுக்கிய நரம்பு, இன்னொன்று ஸ்டீல். குடல் நரம்பு ஐரோப்பாவிலிருந்து வர வேண்டும், விலை அதிகம், ஈரக் காற்றில் ஊறும், வெயிலில் முறியும், கச்சேரி நடுவில் அறும். பிரேசிலின் கடற்கரை ஊர்களிலும் மத்திய அமெரிக்காவின் மழைக்காலத்திலும் ஊர் ஊராகப் பெட்டியோடு அலைந்த மனிதர் எதை மாட்டியிருப்பார்? காவேரிக் கரையில் சித்திரை வெயிலும் ஐப்பசி மழையும் ஒரே வாத்தியத்தை என்ன பாடு படுத்தும் என்று தெரிந்தவர்கள் யாரும் அவரைக் குறை சொல்ல மாட்டார்கள்.

ஸ்பெயின் நாட்டு கிட்டார் மேதை செகோவியா காலத்திலிருந்தே ஸ்டீல் கம்பிக்காக அவரைத் தாழ்த்திப் பேசுகிற பழக்கம் இருக்கிறது. உங்கள் கட்டுரையாளர் அதை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

'முறையான பயிற்சி இல்லை' என்பதும் தவறு. பாரியோஸ் 1885 மே 5ஆம் தேதி பராகுவேயின் தெற்கே மிசியோனெஸ் பகுதியில் பிறந்தவர். வீட்டில் எல்லோரும் ஏதாவது ஒரு வாத்தியம் தொட்டவர்கள். சிறுவனாக இருக்கும்போதே குஸ்தாவோ சோசா எஸ்கலாதா என்கிற கிட்டார் ஆசிரியர் அவரைக் கண்டுபிடித்து, தலைநகர் அசுன்சியோனுக்கு அனுப்பச் சொல்லி வீட்டில் பேசியிருக்கிறார். சோர், அகுவாதோ என்கிற பழைய ஸ்பானிய கிட்டார் ஆசிரியர்களின் பயிற்சிப் பாடங்களையெல்லாம் அவரிடம்தான் முடித்தார். கல்லூரியில் ஸ்வரம் எழுதவும் படிக்கவும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டார். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் இசையை கிட்டாருக்கு மாற்றி மேடையில் வாசித்தார். இதையெல்லாம் பயிற்சி இல்லாதவர் செய்ய முடியாது.

1910இல் பக்கத்து நாடான அர்ஜென்டினாவில், கொரியெந்தெஸ் என்கிற ஆற்றங்கரை ஊரில் வாசிக்கக் கிளம்பினார். சில நாள் பயணம் என்றுதான் போனார். பத்து வருஷத்துக்கு மேல் சொந்த ஊர் திரும்பவில்லை. அர்ஜென்டினா, உருகுவே, பிரேசில் என்று சின்னத் தியேட்டர்களிலும் மன்றங்களிலும் பத்திரிகை அலுவலகக் கூடங்களிலும் வாசித்துக்கொண்டே போனார். அவருக்கென்று நிரந்தரக் கம்பெனியோ ஏற்பாட்டாளரோ இல்லை. ஒரு ஊரில் வாசித்த காசில் அடுத்த ஊருக்கு டிக்கெட் வாங்குகிற வாழ்க்கை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் பழைய நாடகக் கம்பெனிக்காரர்கள்தான் ஞாபகம் வருவார்கள்.

அவருடைய ஒலித்தட்டுகளைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. என் மனசைப் பெரிதும் வருத்தியது இதுதான். 1910களின் முற்பகுதியிலேயே உருகுவேயின் மோன்டிவீடியோவிலும் அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸிலும் அட்லாண்டா, ஆர்டிகாஸ் என்கிற கம்பெனிகளுக்காக அவர் தட்டு பதித்தார். பிறகு 1920களில் ஓடியான் கம்பெனிக்கு. மொத்தம் ஐம்பதுக்கும் மேலான பதிவுகள். செகோவியா லண்டனில் எச்.எம்.வி. கம்பெனிக்கு முதல் தட்டு பதித்தது 1927இல். கிளாசிகல் கிட்டாரை இந்த அளவுக்குத் தட்டில் ஏற்றிய முன்னோடி என்றால் அது பாரியோஸ்தான்.

அந்தக் காலத்துப் பதிவு எப்படி நடந்தது என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. 1920களின் நடுவில் மைக் வருகிறவரைக்கும் எல்லாம் கொம்புதான். ஒரு பெரிய புனலுக்கு முன்னால் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். அந்தக் காற்றின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறும். குரல் ஏறும், பேண்டு வாத்தியம் ஏறும். கிட்டார் மாதிரி மெல்லிய சத்தம் ஏறுவது பெரும்பாடு. அங்கேயும் ஸ்டீல் கம்பி அவருக்குக் கைகொடுத்திருக்கும் என்பது என் கணிப்பு. குடல் நரம்பின் மெதுவான நாதத்தை விட அதன் வெட்டு புனலுக்குள் தெளிவாக நுழைந்திருக்கும். தட்டின் ஒரு பக்கத்துக்குக் கிட்டத்தட்ட மூன்று நிமிஷம்தான் இடம். தவறினால் வெட்டி ஒட்ட முடியாது, முதலிலிருந்து வாசிக்க வேண்டும்.

அந்தப் பதிவுகள் இன்றைக்கு இணையத்தில் கிடைக்கின்றன. கரகரப்புக்குள் காதை வைத்துக் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். 'தான்சா பராகுவாயா' என்கிற உருப்படியில் கட்டை விரல் ஒரு கணக்கில் நடக்க, மேல் விரல்கள் இன்னொரு கணக்கில் குதிக்கும். எட்டி நடக்கிற ஆளின் தோளில் குழந்தை ஆடுகிற மாதிரி. பராகுவே கிராமத்து ஹார்ப் வாசிப்பின் தாளம் அது என்று பிறகு தெரிந்துகொண்டேன். எத்தனை பெரிய கலைஞர்கள் அதை இன்று சுத்தமாக வாசித்தாலும், அந்தத் தட்டில் இருக்கிற அவசரமும் உரிமையும் வேறு எங்கேயும் இல்லை. அது அவருடைய சொந்த ஊர்ப் பேச்சு.

இனி அவருடன் கைகோத்தவர்கள். பாரியோஸுக்கு எழுதி வைக்கிற பொறுமை குறைவு. கையில் வரும், வாசிப்பார், யாருக்காவது ஒரு பிரதி கொடுப்பார், கிளம்பிவிடுவார். மோன்டிவீடியோவில் மார்த்தீன் போர்தா இ பகோலா என்கிற நண்பர் அவரை வீட்டில் தங்கவைத்து, சோறு போட்டு, 'எழுது, எழுது' என்று உட்காரவைத்தார். நமக்கு இன்று எழுத்தில் கிடைத்திருக்கிறதில் கணிசமான பகுதி அந்த மனிதரின் பிடிவாதத்தால் வந்தது. இசையில் கூட்டு என்றால் மேடையில் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பது மட்டும் இல்லை. காகிதமும் பேனாவும் எடுத்து நீட்டுகிறவரும் கூட்டாளிதான்.

அவருடைய 'லா கத்தெத்ரால்' என்கிற உருப்படி பிறந்தது 1921இல். கதீட்ரல் தேவாலயம் என்று பொருள். மோன்டிவீடியோ கதீட்ரலுக்குள் கேட்ட இசைதான் தூண்டுதல் என்று சொல்வார்கள். முதல் பாகத்தில் கனமான சுரக்கூட்டுகள் மெதுவாக இறங்கும். ஆர்கன் மாதிரியும் இருக்கும், மணி மாதிரியும் இருக்கும். இரண்டாவது பாகம் வாசல் கதவு திறந்து தெருவுக்கு வந்துவிட்ட மாதிரி, மூச்சு விடாமல் ஓடும். அதே வருஷம் புவெனஸ் ஐரிஸில் செகோவியாவைச் சந்தித்து அவர் முன்னால் வாசித்தார். செகோவியா உலகம் முழுக்கப் போனார், நூற்றுக்கணக்கான மேடைகளில் வாசித்தார். பாரியோஸின் உருப்படிகளை அவர் எடுத்துப் போகவில்லை. இதற்கு என்ன காரணம் என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள், நான் அதில் இறங்கவில்லை. எடுத்துப் போயிருந்தால் 1944இல் இறந்தவரை உலகம் 1977 வரைக்கும் மறந்திருக்காது என்பது மட்டும் நிச்சயம்.

பதினேழு வருஷம் கழித்து, 1938இல், ஹவானாவில் இருக்கும்போது 'லா கத்தெத்ரா'லுக்கு முன்னால் சேர்க்க ஒரு 'பிரெலூடியோ' எழுதினார். 'சவுதாதே' என்று அதற்குப் பெயர். போர்த்துக்கீசியச் சொல். பிரிவின் ஏக்கத்தைச் சொல்வது. உடல்நிலையும் கையிருப்பும் சரியில்லாத நாட்கள் அவை. மேலே ஒரே ஒரு ஸ்வரம் தனியாகக் கேட்டுக்கொண்டே இருக்கும், கீழே அலை அலையாக விரல்கள் போய் வரும். அவர் தட்டில் பதித்தது பழைய இரண்டு பாகங்கள்தான். இந்த மூன்றாவது, நமக்கு எழுத்தில் மட்டும் வந்தது. நான் என் மனைவி தவறிய வருஷம் முழுக்க இதை மட்டும் வாசித்தேன். வேறு எதுவும் விரலில் நிற்கவில்லை.

அடுத்தது இறகு விஷயம். 1930களின் தொடக்கத்தில், பிரேசிலில் இருக்கும்போது, அவர் 'நிட்சுகா மங்கோரே' என்று பெயர் வைத்துக்கொண்டார். அகுஸ்தின் என்பதை ஸ்பானிஷ் எழுத்தில் பின்னாலிருந்து படித்தால் நிட்சுகா. மங்கோரே என்பது ஸ்பானியர்களை எதிர்த்து நின்ற பழங்குடித் தலைவன் ஒருவனின் பெயர். இறகுக் கிரீடத்தோடு, மூங்கிலும் பனையோலையும் வைத்த மேடையில், 'பராகுவே காட்டிலிருந்து வந்த கிட்டார் பாகனினி' என்று விளம்பரம் போட்டு வாசித்தார். பாகனினி ஐரோப்பாவின் பெரிய வயலின் மேதை. பல ஊர்களில் கூட்டம் வந்தது. சில ஊர்களில் படித்தவர்கள் முகம் சுளித்தார்கள்.

இதை ஒரு வேடிக்கையாக மட்டும் பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை. பராகுவே மக்கள் வீட்டில் பேசுகிற மொழி குவரானி. பாரியோஸும் அதைப் பேசியவர்தான். தன் மண்ணின் பெயரை எடுத்துச் சூடிக்கொள்வதில் அவருக்கு ஒரு உண்மை இருந்தது. வயிற்றுப்பாடும் இருந்தது. இரண்டும் கலந்துதான் ஒரு கலைஞன் மேடையேறுகிறான். ஆனால் அந்த வேஷம் சில வருஷங்கள் மட்டுமே. அவர் கச்சேரி செய்தது முப்பது வருஷத்துக்கு மேல். அத்தனை வருஷத்தில் கோட்டு சூட்டோடு எடுத்த படங்கள் எத்தனையோ இருக்க, ஒவ்வொரு தடவையும் இந்த இறகுப் படத்தையே பத்திரிகைகள் தேடிப் போடுவது ஏன்? பராகுவே அரசாங்கம் தன் ஐம்பதாயிரம் குவரானி நோட்டில் அவர் முகத்தைப் போட்டிருக்கிறது. ஒரு நாட்டின் பணத்தில் ஏறிய கிட்டார் கலைஞர் அவர்.

மெக்சிகோவில் பராகுவே தூதராக இருந்த தோமாஸ் சலோமோனிதான், இந்த வேஷம் வேண்டாம், சொந்தப் பெயரில் வாசியுங்கள் என்று சொல்லி அவரை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போனார். 1934 செப்டம்பரில் பிரஸ்ஸல்ஸ் ராயல் கன்சர்வேட்டரியில் பாரியோஸ் வாசித்தார். பெர்லினுக்குப் போனார், ஸ்பெயினில் கொஞ்ச காலம் இருந்தார். 1936இல் அங்கே உள்நாட்டுப் போர் வெடிப்பதற்கு முன்னால் அமெரிக்கக் கண்டத்துக்கே திரும்பிவிட்டார். ஐரோப்பாவில் ஒரு தட்டுகூடப் பதிக்காமல் திரும்பியது பெரிய இழப்பு. மைக் வந்து பதிவு தெளிவாகிவிட்ட காலம் அது.

கடைசி வருஷங்கள் எல் சால்வடாரில். இருதயம் பழுதாகிவிட்டது, நீண்ட பயணம் முடியாது. சான் சால்வடார் நகரத்து இசைக்கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். கொஞ்சம் மாணவர்கள், வாடகை வீடு. அங்கே எழுதிய கடைசி உருப்படியின் கதை எல்லா கிட்டார்காரர்களுக்கும் தெரியும். வாசலில் ஒரு வயதான அம்மா கதவைத் தட்டி, கடவுளின் அன்பை முன்னிட்டு ஏதாவது கொடுங்கள் என்று பிச்சை கேட்டாள். அந்தத் தட்டல்தான் உருப்படியின் ஆரம்பம். 'ஊனா லிமோஸ்னா போர் எல் அமோர் தெ தியோஸ்' என்று அந்த அம்மாவின் வார்த்தையே பெயராகிவிட்டது.

அது ட்ரெமொலோ உருப்படி. வாசிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கட்டை விரல் கீழே ஒரு கம்பியைத் தொட்டதும், மோதிர விரல், நடு விரல், ஆள்காட்டி விரல் மூன்றும் வரிசையாக மேல் கம்பியில் ஒரே ஸ்வரத்தை மீட்ட வேண்டும். இது சீராக ஓடினால், தனித்தனி மீட்டலாகக் கேட்காமல் ஒரே நீண்ட குரலாகக் கேட்கும். மூன்று விரலில் ஒன்று நொண்டினாலும் காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு வைஸில் நசுங்கிய மோதிர விரல். இந்த ஒரு உருப்படிக்கு ஏழு வருஷம் ஆயிற்று. பாரியோஸ் இதில் செய்த காரியம் என்னவென்றால், மேலே குரல் ஓடும்போது, கீழே அந்தத் தட்டல் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். டக் டக். யாரோ வெளியே நிற்கிறார்கள். முடிகிறபோது மைனரிலிருந்து மேஜருக்குத் திரும்பும். கதவு திறந்தது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

அவர் இறந்தபின் கையெழுத்துப் பிரதிகள் மாணவர்களிடமும் நண்பர்களிடமும் நாலைந்து நாடுகளில் சிதறிக் கிடந்தன. வெனிசுவேலாவின் அலிரியோ தியாஸ் சிலவற்றை எடுத்து வாசித்தார், ஆஸ்திரேலியாவில் பிறந்த ஜான் வில்லியம்ஸுக்கும் கொடுத்தார். இவர் சினிமாவுக்கு இசையமைக்கிற ஜான் வில்லியம்ஸ் இல்லை, கிட்டார் கலைஞர். 1977இல் வில்லியம்ஸ் ஒரு எல்.பி. முழுக்க பாரியோஸின் உருப்படிகளாகவே பதித்தார். அதற்குப் பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1995இல் வில்லியம்ஸ் இன்னொரு தடவையும் முழு ஆல்பம் செய்தார். அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டோவர் பிரதிகளைத் தேடிச் சேர்த்து 1970களில் தொகுதிகளாகப் பதிப்பித்தார். எழுத்தில் கிடைக்காத உருப்படிகளைப் பழைய தட்டுகளைக் கேட்டுக் கேட்டுத்தான் எழுத வேண்டியிருந்தது. நம் காலத்தில் பராகுவேயின் பெர்தா ரோஹாஸ், கியூபாவின் பாக்கிதோ தெ ரிவேராவின் கிளாரினெட்டைத் துணைக்கு வைத்துக்கொண்டு, 2011இல் தொடங்கி பாரியோஸ் போன நாடுகளுக்கெல்லாம் போய் வாசித்து வந்தார்.

1977 எல்.பி.யின் நகல்தான் எங்களுக்கு 1985இல் வந்தது. சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த ஒருவரின் கேசட். மெயின்கார்டு கேட் பக்கத்தில் ஒரு ரெக்கார்டிங் கடையில் டிடிகே கேசட்டில் அடித்து வாங்கினோம். அங்கிள் ஒரு பக்கம் முழுக்கக் கேட்டார், ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் கிட்டாரை உறையில் வைத்தார். மறுநாள் காலை ஏழு மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டி, 'மகனே, அந்த கேசட்டை எடு, எழுத ஆரம்பிப்போம்' என்றார். எங்களிடம் ஸ்வரப் புத்தகம் கிடையாது. காதால்தான் எழுதினோம்.

தட்டையோ கேசட்டையோ கேட்டு எழுதுகிறவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. ஓடுகிற வேகம் கொஞ்சம் கூடக் குறைய இருந்தால் ஸ்ருதி நகர்ந்துவிடும். இது பி மைனரா, சி மைனரா என்றே தெரியாது. அப்போது காதை விட்டுவிட்டு விரலைக் கேட்க வேண்டும். எந்த இடத்தில் திறந்த கம்பி தானாக முழங்குகிறது, எந்த இடத்தில் அழுத்திய கம்பி சீக்கிரம் அடங்குகிறது என்று கவனித்தால், வாசித்தவரின் இடது கை எங்கே இருந்தது என்று பிடிபடும். கை தெரிந்தால் ஸ்ருதி தெரியும். பாரியோஸின் பழைய தட்டுகளை வைத்துக்கொண்டு எழுதியவர்களும் இப்படித்தான் செய்திருக்க வேண்டும். 'உன் ஸுவெஞோ என் லா ஃப்ளோரெஸ்தா' என்கிற அவருடைய உருப்படியில் ஒரு உச்ச ஸ்வரம் வரும். சாதாரண கிளாசிகல் கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகளால் பிரிந்த 19 கட்டம்தான் இருக்கும், அதற்கு இருபதாவது கட்டம் வேண்டும். என் மாணவி ஒருத்திக்காகப் பித்தளைக் கம்பியை அரை அங்குலம் அறுத்து, ராவி, சவுண்டு ஹோல் ஓரத்தில் முதல் கம்பிக்கு மட்டும் ஒட்டிக்கொடுத்தேன். முப்பது வருஷம் ரயில் பெட்டிக்கு ராவிய கைக்கு அது சின்ன வேலை. அந்த ஸ்வரம் முதல் தடவை சுத்தமாக ஒலித்தபோது அவள் வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

ஆசிரியர் அவர்களிடம் இரண்டு வேண்டுகோள். ஸ்டீல் கம்பி பற்றியும் பயிற்சி பற்றியும் வந்த பிழைகளுக்கு ஒரு திருத்தம் போடுங்கள். இளையராஜா கிளாசிகல் கிட்டாரில் டிரினிட்டி கல்லூரித் தேர்வு எழுதித் தங்கப் பதக்கம் வாங்கினார் என்பது வீட்டுக்கு வீடு தெரிந்த ஊர் இது. அந்தத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் உங்கள் பத்திரிகையை வெட்டி ஒட்டி வைத்துக்கொள்வார்கள். தப்பான வரி முப்பது வருஷம் நிற்கும். இன்னொரு தடவை பாரியோஸைப் பற்றி எழுதும்போது, அவர் வாசித்த தட்டுகளைக் கேட்கச் சொல்லி ஒரு வரி சேருங்கள்.

மூன்றாவது வேண்டுகோள் உங்கள் வாசகர்களிடம். எங்கள் அங்கிள் சொந்தமாக ஐந்தாறு உருப்படி கட்டியிருந்தார். ஒன்றையும் எழுதி வைக்கவில்லை. 1988 கிறிஸ்துமஸ் சமயத்தில் அவர் வீட்டு வராந்தாவில் நேஷனல் பேனசோனிக் டேப் ரெக்கார்டரில் நான் பதிவு செய்தது மட்டும்தான் மிச்சம். பின்னால் யார்டில் டீசல் என்ஜின் ஹார்ன் கேட்கும். இரண்டு வருஷமாக நானும் அந்த மாணவியும் உட்கார்ந்து நான்கு உருப்படிகளை எழுதி முடித்துவிட்டோம். ஐந்தாவது ஒரு வால்ட்ஸ். அதன் கடைசிப் பகுதி வருவதற்குள் கேசட்டின் அந்தப் பக்கம் முடிந்துவிட்டது. நோட்டில் எட்டு பார் காலியாக விட்டிருக்கிறோம். முடிவை நாங்களே கட்டிவிடலாமா என்று அவள் கேட்டாள், வேண்டாம் என்றேன்.

அந்த வால்ட்ஸை அவர் ஒவ்வொரு வருஷமும் டிசம்பரில் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் வாசிப்பார். அப்போது ஜி கார்னர் பக்கம் குவார்ட்டர்ஸில் இருந்து, பிறகு சென்னை, பெங்களூரு, பெர்த், மெல்பர்ன் என்று போனவர்கள் நிறையப் பேர். உங்களில் யாரிடமாவது ஒரு பழைய கேசட் இருக்கலாம். ஓடாது என்று நினைத்தால்கூடத் தூக்கிப் போடாதீர்கள். நாடா அறுந்திருந்தாலும் ஒட்டிக்கொள்வேன், பூஞ்சை பிடித்திருந்தாலும் துடைத்துக்கொள்வேன். மூணு தாளம், மைனரில் ஆரம்பம், இரண்டாவது பகுதியில் கட்டை விரல் மூன்று தடவை இறங்கி வரும். கேட்டால் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர்,
பொன்மலை, திருச்சிராப்பள்ளி.